மாமா வந்துட்டாங்க

சனிக்கிழமை மத்தியானங்களில் சலவைக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். முன்னால் கவுண்டர். அதைத் தாண்டினால் நீராவியும் சூடான துணியும் மணக்கிற நீளமான அறை. கூரையை ஒட்டிய கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகளும் சட்டைகளும், உடம்பை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஆட்களைப்போல வரிசையாகத் தொங்கின. வரிசையின் கடைசியில் துணியில்லாத வெறும் ஹாங்கர்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைச்சீட்டு, அடையாளத்துக்காகத் துணியில் குத்துகிற அதே சீட்டு. 'கதவு உடையவில்லை.' 'கோப்பை இரண்டு.' 'ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.' என் அக்காவின் கொலை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

"பார்க்கக் கஷ்டமா இருந்தா திருப்பி வச்சிடறேன்மா," என்றார் சலவைக்கடைக்காரர்.

"பரவாயில்லை."

"பரவாயில்லைன்னு சொல்றவங்கதான் முதல்ல மயக்கம் போடுவாங்க. நாற்காலியைப் போடுங்க," என்றாள் நர்ஸ்.

என்னை அங்கே அழைத்தது அவள்தான். பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். அக்காவின் மகளுக்குப் பால்பல் ஆடியபோது கூட்டிக்கொண்டு போயிருந்தேன். குழந்தையின் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "தப்பா நினைக்காதே. உங்க அக்கா கேஸை போலீஸ் மறந்துட்டாங்க, நாங்க மறக்கலை," என்றாள். அவர்கள் மூன்று பேர்: அவள், சலவைக்கடைக்காரர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். பெரியவரை எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற மற்றவர்கள் பூங்காவுக்குப் போவதுபோல அவர் நீதிமன்றத்துக்குப் போவார். யாருடைய வழக்காக இருந்தாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். எங்கெங்கோ நடந்த, துப்புக் கிடைக்காத கொலைகளைப் பற்றிப் பேசுவது மூவருக்கும் பொழுதுபோக்கு. உள்ளூர்க் கொலை அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் நான் போயிருக்கமாட்டேன். திங்கட்கிழமை எனக்குக் குடும்ப நீதிமன்றம் இருந்தது. மகளைத் தன்னிடம் தரவேண்டும் என்று அத்தான் மனுப் போட்டிருந்தார். அக்கா செத்த நாளிலிருந்து குழந்தை என்னோடும் அம்மாவோடும்தான் வளர்கிறது. அத்தானைப் போலீஸ் அப்போதே பிடித்துக்கொண்டுபோனது. போதிய சாட்சி இல்லையென்று சில மாதங்களில் விட்டுவிட்டது. அவர் நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை. வேறு யாரையும் பிடிக்கவுமில்லை. நான் கூண்டில் ஏறி, "இவர்தான் என் அக்காவைக் கொன்றார் என்று நம்புகிறேன், குழந்தையைக் கொடுக்காதீர்கள்," என்று சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. நம்புகிறேன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவையாவது முழுதாக நம்பிவிட வேண்டும்போல இருந்தது. பிடித்துக்கொள்ள ஒரே ஒரு ஆதாரம். அதற்காகத்தான் ஷட்டருக்குக் கீழே குனிந்தேன்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "முதல்லேர்ந்து வருவோம். அந்தம்மா வீட்டுல தனியா இருக்காங்க. குழந்தை காப்பகத்துல. மத்தியானம். யாரோ வர்றாங்க. கதவை இவங்களே திறக்கறாங்க. வந்தவருக்கு டீ போட்டுக் குடுக்கறாங்க. அதனால தெரிஞ்ச ஆள்."

"கட்டின புருஷனுக்கு டீ போட்டுக் குடுத்ததை ஒரு துப்புன்னு மாட்டி வச்சிருக்காரு பாரு," என்றாள் நர்ஸ். "எங்க வீட்டுக்காரருக்கு நான் டீ போட்டுக் குடுத்தா அதுதான் சந்தேகப்பட வேண்டிய விஷயம்."

"நடுவுல பேசாதே. புருஷன் ஸ்கூல்ல விளையாட்டு வாத்தியார். அன்னிக்கு மத்தியானமே கிளம்பிட்டான். எங்கேன்னு கேட்டா, தனியா சினிமாவுக்குப் போனேங்கறான். எந்தப் புருஷன் வேலை நாள்ல தனியா உட்கார்ந்து சினிமா பார்ப்பான்?"

"நிம்மதி வேணும்னு நினைக்கிற எல்லாப் புருஷனும்."

சலவைக்கடைக்காரர் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார். சட்டையை மடிப்பதுபோல அவ்வளவு சுத்தமாக. நல்ல மனிதர்.

"சண்டை எதுவும் உண்டாம்மா ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டார்.

இருந்தது. எல்லோர் வீட்டிலும் இருக்கிற சண்டை. அக்கா ஜன்னலைத் திறப்பாள், அத்தான் மூடுவார். அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

"அவங்க வேலை பார்த்த இடத்துல ஏதோ பிரச்சினைன்னு அப்ப பேசிக்கிட்டாங்களே," என்றாள் நர்ஸ். "லிஃப்ட் விழுந்து ஒருத்தருக்குக் கால் போச்சே?"

"அது தனிக் கதை," என்றார் டிரைவர். "அந்த லிஃப்ட் கம்பெனி இவங்க தாய்மாமனோடது. சொந்த மாமன் கம்பெனி. அதுல என்ன பகை வரப்போகுது? தவிர அவரை நாம எப்பவோ கழிச்சாச்சு. அந்த நேரத்துல அவர் அக்கா வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். அந்தக்காவே போலீஸ்ல சொல்லிட்டாங்க. அதாவது, உங்கம்மா."

நான் தலையாட்டினேன். அது எனக்குத் தெரியும். அன்று நான் வேலையில் இருந்தேன். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை எங்களுடையது; கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. வீட்டுக்கு ஓடிப்போனால் மாமா அங்கே இருந்தார். அம்மாவை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் இன்னொரு கையால் இழுத்துக்கொண்டார். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பின்சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவருவார். எந்த இடத்தில் கையை விட்டார் என்று சொல்லவேமாட்டார்.

"இப்பதான் முக்கியமான சீட்டு," டிரைவர் எழுந்துபோய்க் கடைசி ஹாங்கரைக் கழற்றிக்கொண்டு வந்தார். "இது என் காதால கேட்டது. உங்க அத்தானோட ஜாமீன் மனு வந்த அன்னிக்கு நான் கோர்ட்டுல இருந்தேன். உன்னைப் பார்க்கலையே?"

"குழந்தையோட இருந்தேன். அம்மாதான் வர வேண்டாம்னு சொன்னாங்க."

"அப்ப உனக்கு இது புதுசாக்கூட இருக்கலாம். கொலைக்குக் கொஞ்சம் முன்னாடி உங்க அக்கா அம்மாகிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தாங்க. மணி அடிச்சது. யாருன்னு பார்த்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சாங்க. போலீஸ் அன்னிக்கே உங்கம்மாகிட்ட கேட்டு வாங்கின வார்த்தை. வக்கீல் அதைக் கோர்ட்டுல ரெண்டு தடவை படிச்சார்."

அவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். சலவைக்கடைக்காரரின் உருண்டையான கையெழுத்து.

'மாமா வந்துட்டாங்க. அப்புறம் பேசறேன்.'

"போதுமா?" என்றார் டிரைவர். "மாமான்னா யாரு? புருஷன். என் பொண்டாட்டி என்னை மாமான்னுதான் கூப்பிடுவா. கோபம் வந்தா மட்டும் யோவ்."

"எங்க வீட்டுல மாமான்னா மாமனார்," என்றாள் நர்ஸ். "இதை நான் அப்பவே சொன்னேன். ஆனா இவங்க மாமனார் கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். அதனால என் கட்சி தோத்துப்போச்சு."

"என்னைக் கடைக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் மாமான்னுதான் கூப்பிடுது," என்றார் சலவைக்கடைக்காரர். "கல்யாணமே ஆகாத மாமா."

"அந்த வாத்தியார் மட்டும் கூண்டுல நின்னு கத்தினான்," என்றார் டிரைவர். "அவ என்னை அப்படிக் கூப்பிடவே மாட்டா, அவ என்னை அப்படிக் கூப்பிடவே மாட்டான்னு. ஜட்ஜு உங்கம்மாவைப் பார்த்து, மாமான்னா யாரும்மான்னு கேட்டார். உங்கம்மா வாயைத் திறக்கலை. உங்க அத்தான் முகத்தையே பார்த்து அழுதாங்க. அழுது அழுது அப்படியே சரிஞ்சுட்டாங்க, தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கு மேல யாரு கேட்பா? அந்த அழுகையைவிட வேற சாட்சி வேணுமா?"

என் கையில் நர்ஸ் கொடுத்த தண்ணீர் இருந்தது. ஒரு வாய் குடித்தேன். தண்ணீர் எங்கோ வெகுதூரத்தில், வேறு யாருடைய தொண்டையிலோ இறங்கியது.

"என்னம்மா?" என்றாள் நர்ஸ். "உங்க அக்கா அவரை மாமான்னுதானே கூப்பிடுவாங்க?"

"ஒட்டகம்," என்றேன்.

"என்ன?"

"ஒட்டகம்னு கூப்பிடுவா. காலேஜ்லேர்ந்தே. அவர் உயரம் இல்லையா. எல்லார் முன்னாடியும் அப்படித்தான். எங்கம்மா திட்டுவாங்க, கட்டினவனை விலங்கு பேர் சொல்லிக் கூப்பிடாதேன்னு. அதுக்கப்புறம் எங்கம்மா முன்னாடி மட்டும் 'அவர்'னு சொல்லுவா. மாமான்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை."

மூவரும் சிரித்தார்கள். நிஜமாகவே சிரிப்பு வரக்கூடிய பெயர்தான். பிறகு சிரிப்பு ஒவ்வொருவருடையதாக நின்றது. கடைசியாக நின்றது டிரைவருடையது.

"அப்ப மாமான்னு யாரைக் கூப்பிடுவாங்க?" என்று அவரே கேட்டார்.

எங்கள் வீட்டில் மாமா ஒருவர்தான். அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. எதிர் வீட்டுக்காரர் அங்கிள். பக்கத்து வீட்டுக்காரர் சார். அந்த வார்த்தையை எங்களுக்குப் பேசத் தெரிந்த நாளிலிருந்து ஓர் ஆளுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தோம். அக்கா போனில் 'மாமா' என்று சொன்னால் 'எந்த மாமா' என்று அம்மா கேட்க வேண்டியதே இல்லை. எனக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என்னிடம் அந்த வார்த்தையை யாரும் சொல்லாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"அடேங்கப்பா!" டிரைவர் எழுந்துவிட்டார். முகம் முழுக்க வெளிச்சம். "அப்படின்னா தாய்மாமன்! லிஃப்ட் விழுந்ததுக்கும் இதுக்கும்... யோவ், அந்த லிஃப்ட் சீட்டை எங்கய்யா வச்சே? குப்பையில போடலையே?" அவர் ஹாங்கர்களைச் சரசரவென்று தள்ளினார். இரும்புக் கம்பியில் அவை கிறீச்சிட்டன. மூன்று வருடங்களாகத் தவறான இடத்தில் தொங்கியதைச் சரியான இடத்துக்கு மாற்றுகிற சந்தோஷம் அது. நம் வீட்டுச் சட்டை தொலைந்துபோய், இன்னொருவர் பையிலிருந்து கிடைத்தால் வருமே, அது. அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் என்னைக் கடந்து வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ்தான் மெதுவாகச் சொன்னாள். "டிரைவர் அண்ணே. உட்காருங்க."

"இல்லம்மா, அந்த நேரத்துல அவர் தன்கூட இருந்தார்னு அந்தக்கா ஏன்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சலவைக்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

"எங்கம்மா பொய் சொல்லமாட்டாங்க," என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பழக்கமான வாக்கியம் என்று தெரிந்தது. 'எங்க வீட்டுல குழாய்த் தண்ணியையே குடிப்போம்' என்பதுபோல ஒரு வாக்கியம்.

குனிந்து வெளியே வந்தேன்.

தெருவில் வெயில் சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் கடைவாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னிடம் பொய் சொன்னதாக ஒரு சம்பவமாவது நினைவுக்கு வருகிறதா என்று தேடிக்கொண்டே நடந்தேன். ஒன்றும் வரவில்லை. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

அம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்து குழந்தையின் கவுனுக்குக் கீழ்மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை நீதிபதி பார்க்கிறபோது குழந்தை நன்றாக வளர்க்கப்பட்டதுபோலத் தெரிய வேண்டும் என்று வாங்கிய கவுன். குழந்தை உள்ளறையில் தரையில் படுத்து வரைந்துகொண்டிருந்தது.

"எங்கடி போயிருந்தே? சாப்பிடக்கூட இல்லை."

"அம்மா, அக்கா அன்னிக்குப் போன்ல கடைசியா என்ன சொன்னா?"

ஊசி நின்றது. பிறகு மறுபடி போனது. "எத்தனை தடவை கேட்பே. அப்புறம் பேசறேன்னு வச்சிட்டா."

"அதுக்கு முன்னாடி?"

அம்மா நிமிர்ந்தாள். "யார் சொன்னா உனக்கு?"

என்ன சொன்னார்கள் என்று கேட்டிருக்கலாம். எதைப் பற்றிப் பேசுகிறாய் என்று கேட்டிருக்கலாம். அவள் கேட்டது 'யார்' என்றுதான். வழி முழுக்க நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்த ஏதோ ஒன்று அந்தக் கேள்வியில் கையைவிட்டுப் போனது.

எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"எனக்கு அப்பத் தெரியாதுடி," என்றாள் அம்மா, ஊசியைத் துணியில் குத்திவிட்டு. "போலீஸ்காரன் கேட்டான், அவ என்ன சொன்னான்னு. நான் அப்படியே சொல்லிட்டேன். அவன் பக்கத்துல இருந்தவனைப் பார்த்து, புருஷன்தான்னான். நான் எதுவும் சொல்லலை. எனக்கு ஒண்ணும் ஓடலை அப்ப. நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தம்பி வந்தான். பாத்ரூம்ல போய் உட்கார்ந்துக்கிட்டு அழுதான். உங்க அப்பா செத்தப்பகூட அவன் அப்படி அழலை."

"என்ன சொன்னார்?"

"தவறிப்போச்சுன்னான். அந்த லிஃப்டை ஒழுங்கா சோதிச்சாங்கன்னு இவளைக் கோர்ட்டுல சொல்லச் சொன்னானாம். இவ முடியாது, சோதிக்கவே இல்லைன்னுதான் சொல்வேன்னாளாம். உங்க அக்கா வாயைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. சமாதானம் பேசத்தான் போயிருக்கான். தள்ளிவிட்டது சமையல் மேடையில பட்டுடுச்சு. தவறித்தான்டி."

"போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டர் தலையில ரெண்டு அடின்னு சொன்னார்."

அம்மா கவுனைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவையா தவறும் அம்மா?"

"என்னை என்ன பண்ணச் சொல்றே?" திடீரென்று அவள் குரல் உயர்ந்தது. "போலீஸ் மறுபடி வந்தப்ப, அந்த நேரத்துல அவன் என்கூட இருந்தான்னு சொன்னேன். போனவ திரும்பி வரப்போறாளா? இருக்கிற ஒருத்தனையும் தூக்கிக் குடுத்துட்டு நான் யார் முகத்துல முழிக்கிறது? உங்க அப்பா போனப்புறம் யார் இருந்தா நமக்கு? அவன் கல்யாணம்கூடப் பண்ணிக்கலை. உங்க ரெண்டு பேரையும் தோள்ல போட்டு வளர்த்தான்."

"வளர்த்தவர்னா கொன்னுடலாமா?"

"அப்படிப் பார்க்காதே என்னை."

"அத்தானை நினைச்சியா? ஒரு நாளாவது? வாத்தியார் வேலை போச்சு. டயர் கடையில பஞ்சர் ஒட்டறார். பெத்த பிள்ளையைத் தூரத்துலேர்ந்து பார்த்துட்டுப் போறார். அவருக்கு எதிரா என்னையும் கூண்டுல ஏத்தப் பார்த்தே."

"அவன் வேற வீட்டுப் பிள்ளைடி. போலீஸே விட்டுடுச்சுல்ல? உயிரோடதானே இருக்கான்?"

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தந்திரம் எதுவும் இல்லை. வீட்டு ஆட்களை ஒரு பக்கமும் மற்றவர்களை இன்னொரு பக்கமும் எப்போதோ பிரித்துவைத்துவிட்ட முகம். அந்தப் பிரிவினையில் அக்கா எந்தப் பக்கம் போனாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. செத்ததும் அக்கா அந்தப் பக்கம் போய்விட்டாள்.

இருந்தும் அவள் என் அம்மா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "நீயே வந்து சொல்லிடு அம்மா. நானும் கூட வரேன். நீ சொன்னா கேட்பாங்க. அன்னிக்குப் பயத்துல சொல்லிட்டேன்னு சொல்லு. உன்னை ஒண்ணும் செய்யமாட்டாங்க."

அம்மா என் தலைமேல் கையை வைத்தாள். விரல்கள் முடிக்குள் போயின.

"சரி," என்றாள். "நீ சொல்றதும் சரிதான். எத்தனை நாளைக்கு இதைச் சுமக்கிறது. இரு, முகத்தைக் கழுவிட்டு வரேன்."

எழுந்து போனாள். குளியலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டாள். நான் கவுனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஊசி அதிலேயே குத்தியிருந்தது. அவள் சரியென்று சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. நன்றியில் வருகிற அழுகை. அவளுக்கு ஒரு துண்டு எடுத்துக் கொடுக்கலாம் என்று எழுந்து கதவருகே போனேன்.

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அம்மா தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படின்னு தெரியலை... இல்லை, இன்னும் யார்கிட்டயும் போகலை. வீட்டுலதான் இருக்கா, நான் புடிச்சு வச்சிருக்கேன். நீ வா. வந்து நேர்ல பேசு அவகிட்ட." கொஞ்சம் நிறுத்தினாள். "போன தடவை மாதிரி கோபப்படாதே."

துண்டு என் கையில் இருந்தது. அதை மடித்துக் கைப்பிடியில் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கோபமோ பயமோ அந்த நேரத்தில் வரவில்லை. எனக்குத் தெரிந்த வீட்டுக்குள்ளே, அதே சாமான்களோடு, வேறொரு வீடு இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதில் நான் விருந்தாளி. அப்படித்தான் தோன்றியது. போன தடவை மாதிரி. அம்மாவுக்கு அது ஒரு தடவை.

உள்ளறைக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.

"கலர் பென்சில்," என்றது.

"எடுத்துக்கோ. சத்தம் போடாம."

"எங்க போறோம் சித்தி?"

"வெளிய."

மாடிப்படி இறங்கும்போது குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

டயர் கடை பெரிய சாலையில், மேம்பாலத்துக்குக் கீழே. அத்தான் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் டியூப் கையைவிட்டு நழுவிச் சுருண்டது. முழங்கைவரை கறுப்பு. குழந்தையைத் தூக்கக் கையை நீட்டிவிட்டு, கறுப்பைப் பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிக்கொண்டார். குழந்தை என் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவரை அடையாளம் தெரிந்ததா தெரியவில்லையா என்று அதன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். லாரிகள் மேலே போகிறபோதெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மாமாதான் என்று சொன்னபோது அவருக்கு ஆச்சரியம் இல்லை.

"அது எனக்குத் தெரியும்," என்றார். "அந்த வார்த்தையைப் படிச்ச நிமிஷமே தெரியும். வக்கீல்கிட்ட சொன்னேன், யாரும் காதுல வாங்கலை. ஆனா உங்கம்மாவுக்கும் தெரியும்னு எனக்குத் தோணவே இல்லை. அவங்க தம்பி கூட இருந்தார்னு சொன்னது நாள் தெரியாம, குழப்பத்துலன்னு நினைச்சேன். அன்னிக்குக் கோர்ட்டுல என் முகத்தைப் பார்த்து அழுதாங்க இல்லையா? எனக்காகத்தான் அழறாங்கன்னு நினைச்சேன். என்னை நம்பறாங்கன்னு. ஜெயில்ல அதை நினைச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன்."

குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

"நீயும் ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாம்," என்றார். திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. டியூபை மறுபடி தண்ணீரிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டே சொன்னார்.

என் போன் அடித்தது. அம்மா. நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை மாமாவின் எண். போனை அணைத்துப் பையில் போட்டேன்.

"இவளை வச்சுக்கங்க," என்றேன். "நான் இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். திங்கட்கிழமை வரைக்கும் இருந்தா யார் யார் என்னென்ன பேசி என் மனசை மாத்துவாங்களோ தெரியாது."

அவர் மண்ணெண்ணெய்த் துணியால் கையைத் துடைக்க ஆரம்பித்தார். விரல் விரலாக. குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தானாகவே போய் ஒரு பெரிய டயரின் மேல் ஏறி உட்கார்ந்து, "இது எந்த வண்டியோடது?" என்று கேட்டது. நான் கிளம்பினேன்.

சலவைக்கடை வழியில்தான் இருந்தது. மூவரும் இன்னும் அங்கேயே இருந்தார்கள்; ஹாங்கர்களில் ஒரு சீட்டும் இல்லை. யார் கழற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கு வருகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். நீதிமன்றத்தில் கேட்டதைச் சொல்ல டிரைவர் வந்தார். நர்ஸும் வந்தாள், காரணம் எதுவும் சொல்லாமல். வழியில் யாரும் துப்பு எதையும் பேசவில்லை.

ஸ்டேஷனில் ஒரு நடுத்தர வயதுக்காரர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதினார். பழைய வழக்கு என்றதும் முதலில் சலிப்பாகத்தான் கேட்டார். போகப்போக நிமிர்ந்து உட்கார்ந்தார். குளியலறைக் கதவுக்குப் பின்னால் கேட்டதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தொடர்ந்தார்.

"கொலை நடந்த நேரத்துல அந்த ஆள் தன்கூட இருந்தார்னு சொன்னது யாரு?"

"எங்கம்மா."

"அது பொய்னு உங்ககிட்ட ஒத்துக்கிட்டாங்களா?"

"ஆமா."

"இதுல அவங்களும் மாட்டுவாங்க. தெரியும்ல?"

நர்ஸின் கை என் தோளில் இருந்தது. "தெரியும்," என்றேன்.

"அம்மா பேரு?"

எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. எனக்கு அம்மா, குழந்தைக்குப் பாட்டி, மாமாவுக்கு அக்கா, கடைக்காரர்களுக்கு மாடிவீட்டம்மா. பள்ளிக்கூடத்தில் சேரும்போது கடைசியாகச் சொல்லியிருப்பேன்.

சொன்னேன். மின்விசிறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதை முன்னால் கொண்டுவந்து, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா," என்றார்.

சத்தமாகச் சொன்னேன்.